மழைக்கு அஞ்சும் பிள்ளை

குடும்பப் பாடம்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் ஏ9 வீதியில், அக்குறணையைத் தாண்டியதும் வருகின்ற சிறு நகரம் அலவத்துகொட. வீதியின் இருமருங்கிலும் கடைகள். அவற்றின் பின்னால் மலைச்சரிவுகளிலே வீடுகள். 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா சூறாவளி நம் நாட்டைத் தாக்கியபோது 600இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைச்சரிவுகள் பல இடங்களில் பெயர்ந்து வீடுகளை மூடின. அலவத்துகொடப் பகுதியும் அத்துயரத்துக்குத் தப்பவில்லை.

பாதையில் விழுந்த மண்ணை இயந்திரம் கொண்டு அகற்றலாம். இடிந்த சுவரை மீண்டும் எழுப்பலாம். ஆனால் ஒரு பிள்ளையின் உள்ளத்திலே சரிந்து விழுந்த மண்ணை அகற்றுவது யார்?

அப்பக்கத்துத் தாய் ஒருவர் என்னிடம் கூறியது இது: "பாதர், மழை பேஞ்சா போதும், புள்ள எழும்பி உக்காந்துக்கிறான். செருப்பப் போட்டுக்கிட்டுத்தான் படுக்கிறான். ஒண்ணுமில்ல, பயப்படாம தூங்குன்னு எத்தனை தடவ சொல்லிட்டேன். கேக்கவே மாட்டேங்குறான்."

அந்தத் தாய் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. நம்மில் பலரும் அதையேதான் சொல்லியிருப்போம். ஆனால், "பயப்படாதே" என்ற சொல் ஏன் அந்தப் பிள்ளையிடம் பலிக்கவில்லை? அந்தப் பயம் போக வேறு வழி உண்டா? இந்த வாரப் பாடத்தில் இவ்விரு வினாக்களையும் சற்று ஆராய்வோம்.

பயம் எங்கே தங்குகிறது?

ஆபத்து நேரும்போது நம் உடல், நாம் சிந்தித்து முடிக்கும் முன்பே தற்காப்புக்கு ஆயத்தமாகிவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு விரைகிறது, கைகால்கள் ஓடுவதற்கு முறுக்கேறுகின்றன. இது இறைவன் தந்த நல்ல காவல். ஆபத்து நீங்கியதும் உடல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். ஆனால் மிகுந்த பயங்கரத்தைக் கண்ட சிலரிடம் அந்தக் காவற்காரன் உறங்க மறுத்துவிடுகிறான். மழையின் ஓசை, ஈரமண்ணின் வாசனை, நள்ளிரவில் கேட்கும் ஒரு கூக்குரல், இவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். அந்த இரவு மீண்டும் வந்துவிட்டதென்றே உடல் எண்ணிக்கொள்ளும்.

பெரியவர்கள் இதைச் சொல்லி அழுது தீர்க்கலாம். சிறு பிள்ளைக்கோ அதற்கேற்ற சொற்கள் கிடையா. சொல்ல முடியாத பயம் வேறு வேடங்களில் வெளிவரும். ஏழு வயதுப் பிள்ளை மறுபடியும் படுக்கையை நனைக்கும். பாடசாலை செல்லும் நேரம் பார்த்து வயிறு வலிக்கும். நேற்றுவரை சாதுவாக இருந்தவன் தங்கையை அடிப்பான். நாமோ இதைப் பிடிவாதம் என்றும் சோம்பல் என்றும் எண்ணித் தண்டிக்கிறோம். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையானால், தண்டனை இரட்டிப்பாகிவிடுகிறது!

"பயப்படாதே" என்பது அறிவுக்குச் சொல்லும் செய்தி. பயமோ உடலிலே தங்கியிருக்கிறது. ஆகவே, உடலின் வழியாகவும் கைகளின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் அதனை அணுக வேண்டும். சித்திரம், களிமண், கதை, நாடகம், இசை ஆகியவற்றைக் கொண்டு செய்யும் ஆக்கக்கலைச் சிகிச்சையும், மூச்சையும் உடலையும் அமைதியாகக் கவனிக்கப் பழக்கும் விழிப்புத் தியானமும் இன்று பிள்ளைகளுக்குப் பயன்படுத்தப்படுவது இதனாலேதான்.

எலியாவுக்கு இறைவன் செய்த சிகிச்சை

இது புதுமையான முறை என்று எண்ண வேண்டாம். அரசர்கள் முதலாம் நூல் 19ஆம் அதிகாரத்தை இன்று மாலை குடும்பமாக எடுத்து வாசியுங்கள். உயிருக்கு அஞ்சி ஓடிய எலியா இறைவாக்கினர் பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, சாவே மேல் என்று மன்றாடுகிறார். இறைவன் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. உபதேசம் செய்தாரா? அதுவும் இல்லை. முதலில் அவரை உறங்க விட்டார். வானதூதர் வந்து தொட்டு எழுப்பிச் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மீண்டும் உறங்க விட்டு, மீண்டும் உணவு கொடுத்தார்.

அதன் பின்னரே ஓரேபு மலைக் குகையில், இங்கே என்ன செய்கிறாய் என்ற கேள்வி வருகிறது. எலியா தம் துயரத்தைச் சொல்கிறார். மலைகளைப் பிளக்கும் காற்றும், நிலநடுக்கமும், நெருப்பும் கடந்துசெல்கின்றன. பின்னர் மெல்லிய ஓசை. அப்போது அதே கேள்வி இரண்டாம் முறையும் கேட்கப்படுகிறது. எலியா அதே பதிலைத் திரும்பச் சொல்கிறார். "இதைத்தான் முன்னமே சொல்லிவிட்டாயே" என்று இறைவன் அவரைத் தடுக்கவில்லை! இருமுறையும் பொறுமையோடு கேட்டார். பிறகு அவருக்கு ஒரு பணியையும், துணைக்கு எலிசாவையும் கொடுத்தார்.

உணவு, உறக்கம், தொடுதல், அமைதி, சொன்னதையே மீண்டும் சொல்ல இடம், பின்னர் ஒரு பணியும் ஒரு தோழமையும். இன்றைய உளவளத்துணையாளர்கள் கைக்கொள்ளும் ஒழுங்கும் பெரும்பாலும் இதுவே அல்லவா?

மட்டக்களப்பில் ஒரு பூங்கா

நம் நாட்டிலேயே இதற்குச் சிறந்த முன்மாதிரி உண்டு. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1996ஆம் ஆண்டு, மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா ஆரம்பிக்கப்பட்டது. உளவியல் கற்ற இயேசு சபைக் குருவாகிய வண. போல் சற்குணநாயகம் அடிகளாரும், கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் இதற்கு முன்னின்றவர்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பேருந்தில் அழைத்து வரப்பட்டனர். வாரத்தில் ஒரு நாளாகச் சுமார் ஒன்பது மாதங்கள் தொடர்ந்து அவர்கள் வந்துபோயினர்.

அங்கே நடந்தது என்ன? களிமண் பிசைந்தார்கள், சித்திரம் தீட்டினார்கள், பாடினார்கள், கதை கட்டி நடித்தார்கள், செடிகளையும் பிராணிகளையும் பேணினார்கள். பிள்ளைகளுக்குத் துணைநின்ற ஊக்குநர்கள் அந்த மண்ணிலேயே பிறந்து, போரின் துயரத்தைத் தாமும் அனுபவித்தவர்கள்.

இதிலிருந்து நாம் கற்பவை மூன்று. ஒன்று, காயம் ஆறுவதற்கு விளையாட்டும் ஒரு வழி. அது வீண் பொழுதுபோக்கு அன்று. இரண்டு, ஒருநாள் நிகழ்ச்சியால் ஆவது சொற்பம். வாரந்தோறும் அதே இடம், அதே முகங்கள் என்ற உறுதியே பிள்ளைக்கு நம்பிக்கை தருகிறது. மூன்று, பயந்த பிள்ளை மற்றொரு சமயத்துப் பிள்ளையின் கையைப் பிடித்து விளையாடும்போது இரு ஊர்களும் சேர்ந்தே குணமடைகின்றன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் அலவத்துகொட போன்ற ஊருக்கு இந்த மூன்றாவது பாடம் மிகவும் வேண்டியது. மண்சரிவு சாதி சமயம் பார்த்து வருவதில்லை.

உலக வரலாற்றிலிருந்து ஓர் உதாரணமும் சொல்லலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தெரேசின் என்ற தடுப்பு முகாமில் யூதச் சிறுவர்களுக்கு இரகசியமாகச் சித்திரம் கற்பித்தவர் பிறீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவியர். 1944இல் அவர் அவுஷ்விற்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். அவர் மறைத்துவைத்துச் சென்ற சுமார் 4,500 சிறுவர் சித்திரங்கள் இன்றும் பிராக் நகர யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. அவரிடம் கற்ற ஈடித் கிறேமர் பின்னாளில் அமெரிக்காவில் கலைச் சிகிச்சையை வளர்த்த முன்னோடிகளுள் ஒருவரானார். அவர் ஏற்றிய ஒரு விளக்கிலிருந்து எத்தனை விளக்குகள் எரிகின்றன பாருங்கள்!

கைகள் பேசட்டும்

வீட்டில் நாம் செய்யக்கூடியது என்ன? பெரும் செலவு வேண்டியதில்லை. பழைய கொப்பியின் வெற்றுத்தாள்கள், சில நிறப் பென்சில்கள், ஒரு பிடி களிமண், இவை போதும். வாரத்தில் இரண்டு நாள், அரைமணி நேரம், பிள்ளையின் அருகில் தரையில் அமருங்கள். தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் அணைந்திருக்கட்டும். "உனக்கு விருப்பமானதைக் கீறு" என்று மட்டும் சொல்லுங்கள். நீங்களும் ஒரு தாளை எடுத்துக் கீறுங்கள்.

பிள்ளை கீறியதைத் திருத்த வேண்டாம். வீடு சாய்ந்திருக்கிறது, மரம் பச்சையாக இல்லை என்று சொல்ல வேண்டாம். "இது என்ன?" என்று விசாரணை செய்வதைவிட, "இதைப்பற்றி எனக்குச் சொல்கிறாயா?" என்று கேட்பது நல்லது. சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். அந்த இரவைப்பற்றிச் சொல்லும்படி வற்புறுத்துவது காயத்தைக் கிளறுவதாகும். பத்து நாளும் ஒரே மண்சரிவைக் கீறினாலும் தடுக்காதீர்கள். எலியா ஒரே பதிலை இருமுறை சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் அந்தச் சித்திரத்தில் ஏணியோ, ஆட்களோ, சூரியனோ தோன்றக்கூடும். அதை நீங்கள் சொல்லிக்கொடுத்து வரைவிக்க வேண்டாம். அது உள்ளிருந்து வர வேண்டும். பிள்ளையின் அனுமதியின்றி அந்தச் சித்திரத்தை அயலவருக்குக் காட்டவும் வேண்டாம்.

இதனால் விளையும் நன்மை என்ன? உள்ளே உருவமின்றி அலைந்த பயம் தாளின்மேல் வந்து அமர்கிறது. அதை இப்போது தள்ளி நின்று பார்க்கலாம், மடித்து வைக்கலாம், வேண்டுமானால் கிழித்தும் போடலாம். பயத்தின் கையில் அகப்பட்டிருந்த பிள்ளையின் கையில் இப்போது பயமே அகப்பட்டுவிடுகிறது.

மூச்சைக் கவனித்தல்

அடுத்தது அமைதிப் பயிற்சி. பிள்ளையைப் பாயில் மல்லாந்து படுக்கச் சொல்லி, அதன் வயிற்றின்மேல் ஒரு காகிதக் கப்பலை வையுங்கள். மூச்சை இழுக்கும்போது கப்பல் எழும், விடும்போது தாழும். அதை மட்டும் பார்த்திருக்கட்டும். உள்ளே இழுக்கும் மூச்சைவிட வெளியே விடும் மூச்சு சற்று நீண்டதாக இருந்தால் இதயத் துடிப்பு மெல்ல அடங்கும். சிறுவருக்கு மூன்று நிமிடம் போதும். மழை இரவுகளில் இன்னொன்றையும் செய்யலாம். மழைத் துளி கூரையில் விழும் ஓசை, கடிகாரத்தின் ஓசை, அம்மாவின் மூச்சு என்று காதில் விழும் ஐந்து ஓசைகளைப் பிள்ளை விரல்விட்டு எண்ணட்டும். "அது அந்த இரவு, இது இந்த இரவு" என்பதை உடல் இவ்வாறு கற்றுக்கொள்கிறது. கண்ணை மூடப் பயந்தால் திறந்தே இருக்கட்டும். பதற்றம் கூடினால் உடனே நிறுத்திவிட்டு எழுந்து நடமாடுங்கள்.

"பாதர், இது பௌத்தர்களின் பாவனா அல்லவா? நாங்கள் செய்யலாமா?" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. நினைவோடு மூச்சைக் கவனிக்கும் பயிற்சி பௌத்த மரபில் சிறந்து வளர்ந்தது. கண்டிக்கு அருகே நிலம்பே தியான நிலையத்தில் நெடுங்காலம் கற்பித்து 2000ஆம் ஆண்டில் மறைந்த கொட்வின் சமரரத்ன அவர்கள், பல நாட்டவருக்கும் அதனை எளிமையாகச் சொல்லிக் கொடுத்தார். அமெரிக்க மருத்துவமனைகளில் 1979ஆம் ஆண்டு முதல் ஜோன் கபாட்-சின் பரப்பிய பயிற்சிக்கும் இதுவே மூலம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பிற சமயங்களில் காணப்படும் உண்மையானதும் தூயதுமான எதனையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று போதித்தது. கிறிஸ்தவத் தியானத்தைக் குறித்து 1989இல் உரோமை வெளியிட்ட மடல், இத்தகைய முறைகளைப் பயன்படுத்தலாம் என்று ஏற்றுக்கொண்டு, ஓர் எச்சரிக்கையையும் தந்தது. உடல் அமைதி பெறுவதையே செபம் என்று எண்ணிவிடலாகாது. செபம் என்பது இறைவனோடு கொள்ளும் உறவு. ஆகவே, மூச்சுப்பயிற்சி நிலத்தைப் பண்படுத்துவது, விதைப்பவர் ஆண்டவரே.

நம் மரபிலும் இதற்கு வேர் உண்டு. புனித லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில், ஒரு மூச்சுக்கும் மறு மூச்சுக்கும் இடையே செபத்தின் ஒரு சொல்லை மட்டும் தியானிக்கும் முறையைக் கற்பித்தார். யாழ்ப்பாணத்து மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரினால் மனம் நொந்தவர்களுக்கு அவரவர் சமய மரபிலுள்ள செபங்களையும் உச்சாடனங்களையுமே அமைதிப் பயிற்சியாகக் கையாண்டார். அவ்வாறாயின் நம் கையிலுள்ள செபமாலை? ஓட்டமாய் ஓடி முடிக்காமல், ஒவ்வொரு மணிக்கும் இடையே ஒரு மூச்சு விட்டுச் சொல்லிப் பாருங்கள். பத்து மணிகளே சொன்னாலும் போதும்.

பலன் உண்டா என்று கேட்போருக்கு ஒரு செய்தி. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குச் சில வாரங்களின் பின்னர் வடகிழக்கிலே ஒரு முகாமில், கடும் மனவடுவுற்ற 31 பிள்ளைகளுக்கு, உள்ளூரில் பயிற்றப்பட்ட ஆலோசகர்கள் ஆறு அமர்வுகளில் சிகிச்சை அளித்தனர். ஒரு பகுதியினர் தம் வாழ்க்கைக் கதையை ஒழுங்காகச் சொல்ல உதவப்பட்டனர். மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. ஆறு மாதங்களின் பின்னர் முதற் பகுதியினரில் 81 வீதமானோரும், மற்றப் பகுதியினரில் 71 வீதமானோரும் குணமடைந்திருந்ததாக 2009இல் வெளியான ஆய்வு கூறுகிறது. தொகை சிறியது; அதைக்கொண்டு பெரிய முடிவுகள் கட்டலாகாது. ஆயினும் நம்பிக்கை கொள்ள இடமுண்டு.

பெற்றோரின் முகம்

பிள்ளைக்கு முதல் மருந்து பெற்றோரின் முகமே. இடி முழங்கும்போது பிள்ளை வானத்தைப் பார்ப்பதற்கு முன் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. ஆகவே மூச்சுப்பயிற்சி முதலில் நமக்கே வேண்டும். வீடிழந்து, தொழிலிழந்து நிற்கும் தந்தை தம் துயரத்தைக் குடியில் கரைக்கப் பார்த்தால், அந்த வீட்டில் சூறாவளி இன்னும் ஓயவில்லை என்றே பொருள். "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?" என்று கேட்கும் அப்பாவுக்கு, இலாசரின் கல்லறையருகே நம் ஆண்டவர் கண்ணீர் விட்டதை நினைவூட்ட விரும்புகிறேன். அனர்த்தக் காட்சிகளைக் கைத்தொலைபேசியில் பிள்ளைகள் முன் திரும்பத் திரும்பப் பார்ப்பதையும் தவிருங்கள்.

பொய்யான வாக்குறுதியும் கொடுக்காதீர்கள். "இனி மண்சரிவே வராது" என்று நம்மால் சொல்ல முடியாது. "எச்சரிக்கை வந்தால் இந்த வழியால் இந்த இடத்துக்குப் போவோம், உன் கையை நான் பிடித்திருப்பேன்" என்று சொல்லலாம். அதை ஒருநாள் நடந்தும் காட்டலாம். செருப்போடு படுக்கும் பிள்ளையைப் பரிகாசம் செய்யாமல், அந்தச் செருப்பைக் கதவருகே ஒழுங்காக வைக்கும் பொறுப்பை அவனுக்கே கொடுங்கள். எலியாவுக்கு இறைவன் பணி கொடுத்தது போல.

ஓர் எச்சரிக்கை

இவை யாவும் வைத்தியத்துக்குப் பதிலாகா. ஒரு மாதத்துக்கு மேலாகியும் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, ஓயாத நடுக்கம், பேச்சற்ற நிலை நீடித்தால் வைத்தியரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள். சாவைப்பற்றிப் பேசினாலோ ஒருநாளும் தாமதிக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி இலக்கம் 1926. "பைத்தியம் என்று ஊர் சொல்லும்" என்ற வெட்கத்தினால் ஒரு பிள்ளையின் வாழ்வை இழக்கலாமா? கால் முறிந்தால் வைத்தியசாலைக்குப் போகிறோம். மனம் முறிந்தால் மட்டும் மறைக்கிறோம்.

மாற்கு எழுதிய நற்செய்தியில் படகிலிருந்த சீடர்கள் அலறியபோது, ஆண்டவர் முதலில் காற்றையும் கடலையும் அடக்கினார். ஏன் பயந்தீர்கள் என்ற கேள்வி அதன் பின்னரே வந்தது. பெற்றோராகிய நாமும் அந்த ஒழுங்கைக் கைக்கொள்வோம். முதலில் பிள்ளையின் உள்ளத்துக் காற்று அடங்க உதவுவோம். புத்திமதி பின்னர் வரட்டும்.

குடும்பத்தில் சிந்திக்க

1. எங்கள் வீட்டுப் பிள்ளையின் கோபத்துக்கும் பிடிவாதத்துக்கும் பின்னால் சொல்லாத பயம் ஏதும் இருக்கிறதா?

2. பிள்ளை ஒரே விடயத்தைத் திரும்பச் சொல்லும்போது நாங்கள் கேட்கிறோமா, தடுக்கிறோமா?

3. இந்த வாரம் கைத்தொலைபேசியை அணைத்துவிட்டுப் பிள்ளையோடு தரையில் அமர எந்த இரு நாட்களை ஒதுக்குவோம்?

4. எங்கள் அயலில், வேறு சமயத்தைச் சேர்ந்த குடும்பத்தில், மழைக்கு அஞ்சும் பிள்ளை உண்டா? அப்பிள்ளையை நம் பிள்ளைகளோடு விளையாட அழைக்கலாமா?